விழுவதற்குப் போன சனிக்கிழமைகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு குளிர்காலத்தில் ஆறு சனிக்கிழமைகள், பனிச்சரிவில் விழுவதற்கென்றே என்னை அழைத்துப் போனார்கள். அழைத்துப் போனவர் என் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவர், அந்த வருடம் ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பயிற்றுநர் ஆவதற்கான வகுப்பொன்றில் சேர்ந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராத எண்ணம் அது. பனி என்றால் அப்பாவுக்கு பஸ் ஓட்டச் சிரமமான நாள்; அம்மாவுக்கு ஈரமான காலுறை. பள்ளிக்கூடத்தில் ஸ்கீ நாள் வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். அம்மாவும் மறுகேள்வி இல்லாமல் நம்பிவிடுவார்.

சித்தியின் வகுப்பில் சறுக்கத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. அதுதான் அவர்களுடைய சிக்கல். பன்னிரண்டு வயதில் இங்கே நோர்வேக்கு வந்து பிந்திப் பழகிய சித்தியைத் தவிர, மற்ற எல்லோரும் நடக்கத் தொடங்கிய கையோடு சறுக்கத் தொடங்கியவர்கள். தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. ஆகவே, ஒன்றுமே தெரியாத பிள்ளைகள் சிலரைச் சனிக்கிழமைகளில் கொண்டுவாருங்கள், அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகுங்கள் என்று வகுப்பை நடத்திய ஆசிரியை கேட்டிருந்தார். ஒன்றுமே தெரியாத பிள்ளை என்றதும் சித்திக்கு என் முகம் நினைவுக்கு வந்திருக்கிறது.

அம்மாவுக்கு இது பெரிய உதவியாகப் போயிற்று. சனிக்கிழமைகளில் அவருக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை, அப்பாவுக்கு பஸ். ஹவுகன்ஸ்டுவா என்ற புறநகரில், எங்கள் ஐந்தாம் மாடி வீட்டில் நானும் தொலைக்காட்சியும்தான் இருப்போம். யார் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது என்பது கட்டளை. அந்தக் கட்டளையை மீறும் வாய்ப்பு எனக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை, ஏனென்றால் யாரும் வந்ததில்லை. பல்கனிக் கண்ணாடியில் மூச்சுவிட்டு, அந்தப் புகையில் என் பெயரை எழுதி, அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சரிவிலோ எல்லாம் வேறு விதமாக இருந்தது. தொடக்கக்காரருடன் பேசும்போது முழங்காலைப் பனியில் ஊன்றிப் பேச வேண்டும், அவர் உங்களை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பது ஆசிரியையின் முதல் விதி. ‘லேசு’ என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்பது இரண்டாவது. உங்களுக்கு லேசு என்றால், வராதபோது அந்தப் பிள்ளைக்கு அது வெட்கம் என்று அவர் விளக்குவார். இப்படியாக, வளர்ந்த மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக என் முன்னால் முழங்காலிட்டார்கள். குளிர்கிறதா என்று கேட்டார்கள். சப்பாத்தின் பூட்டை மெல்லத் திறந்து மெல்லப் பூட்டினார்கள். நான் விழுந்தால், நன்றாக விழுந்தாய் என்று பாராட்டினார்கள். என் வாழ்க்கையில் அதுவரை இவ்வளவு பேர் என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மதியத்தில் மற்றவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் நெருக்கியடித்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். சித்தியும் நானும் மூலையில் பாணும் சம்பலும் சாப்பிடுவோம்.

மூன்றாவது சனிக்கிழமை, என்னோடு சறுக்கப் பழகிய இரண்டு பிள்ளைகள் சறுக்குப் பலகைகளின் முனைகளைப் பீட்சாத் துண்டுபோல் முன்னால் குவித்துத் தாங்களாகவே நின்றுவிட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். இனி நீங்கள் தொடக்கக்காரர் இல்லை என்று ஆசிரியை சொல்லி, சூடான சொக்கலேட் வாங்கிக் கொடுத்தார். அடுத்த கிழமை அவர்கள் வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக வேறு இரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். பழகிவிட்டால் அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிரச்சினை என்னவென்றால், எனக்கும் அதற்குள் பழகிவிட்டிருந்தது. ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் சித்தியின் வகுப்பினர் வட்டமாக நின்று பிழை திருத்திக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நான் சாமான் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த சின்னச் சரிவில் தனியே இறங்குவேன். இடமும் வலமும் திரும்பி, வேண்டிய இடத்தில் நிற்பேன். கை தட்ட அங்கே ஒருவரும் இல்லை. பிறகு திரும்பி வந்து, அடுத்தவர் முன்னால் ஒழுங்காக விழுவேன்.

ஆறாவது சனிக்கிழமை சோதனை நாள். ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையை அரை மணி நேரத்துக்குள் சரிவின் பாதியிலிருந்து கீழே வரை கொண்டுவர வேண்டும். ஆசிரியை கையில் தாளுடன் ஓரமாக நின்றார். சித்திக்கு நான்.

முதல் தரம் விழுந்தேன். சித்தி முழங்காலிட்டு, நிதானமாக, நோர்வேஜிய மொழியில் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். இரண்டாம் தரமும் விழுந்தேன். மூன்றாம் தரம் விழுந்தபோது சித்தி என் பலகைகளைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, தமிழில் கேட்டார்.

“உனக்குச் சறுக்கி ஓடத் தெரியும். கொட்டிலுக்குப் பின்னால போன கிழமை கண்டனான். ஏன் பிள்ளை விழுறாய்?”

வேறு பொய் ஒன்றும் கைவசம் இருக்கவில்லை.

“தெரியும் எண்டா என்னை அனுப்பிப்போடுவினம். பிறகு நான் வீட்டில தனிய.”

ஓடிக் காட்டு என்று சித்தி ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பேன். அவர் தன் பலகைகளைக் கழற்றிவிட்டு எனக்குப் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தார். கீழே ஆசிரியை கையைத் திருப்பி நேரம் பார்த்தார்.

“சரி, அப்ப இஞ்சை கொஞ்சம் இருப்பம்” என்றார் சித்தி.

அரை மணி நேரம் முடியும்வரை இருந்தோம். பொறுமை நல்லதுதான், ஆனால் பிள்ளை ஓர் அடிகூட நகரவில்லையே என்று ஆசிரியை வருத்தத்துடன் சொன்னார். சித்தி சோதனையில் தேறவில்லை.

ரயிலில், அடுத்த சனியும் போவோமா என்று கேட்டேன். வகுப்பு இன்றோடு முடிந்துவிட்டது என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. முடியப்போவதை முன்பே சொல்லியிருந்தால் நான் வீணாக விழுந்திருக்க மாட்டேனே. ஹவுகன்ஸ்டுவா வரும்வரை அவருடன் கதைக்கவில்லை. வழக்கமாக வாசலில் விட்டுவிட்டுப் போகிறவர், அன்று அம்மா வரும்வரை இருந்தார். இருவரும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் மெல்லிய குரலில் கதைத்தார்கள். சோதனையில் தோற்றதைச் சொல்லி அழுகிறார் என்று நினைத்தேன். கதவு திறந்தபோது அழுதிருந்தது அம்மா.

அடுத்த குளிர்காலத்தில் சித்தி வேறொரு பிள்ளையுடன் சோதனை எடுத்துத் தேறினார். பிறகு வேலை கிடைத்துத் திராமன் என்ற வேறு ஊருக்குப் போய்விட்டார்.

நான் விழுந்த அந்தச் சோதனை முடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு, அம்மா சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கத் தொடங்கினார். காலையில் என் பக்கத்தில் சோபாவில் வந்து உட்காருவார். என்னவாவது கதை சொல்லு என்பார். நான் சொல்லத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் வாய் திறந்தபடி நித்திரையாகிவிடுவார். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பழையபடி கண்ணாடியருகே போய் நிற்பேன். நித்திரை கொள்ளத்தான் என்றால் இவர் ஏன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். வெள்ளிக்கிழமை இரவு முழுவதும் அவர் வேலை உடுப்போடு எங்கே இருந்துவிட்டு வருகிறார் என்று நான் யோசித்ததேயில்லை.