காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுச் சாயம்

சலூனில் தலைக்குச் சாயம் அடிக்கிறவன், மறுநாள் கதவைத் திறக்கவே பயப்பட வேண்டும். கடையில் நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வீங்கிய மாப்பிள்ளை

எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டு, திருப்பாதிரிப்புலியூரில் மாமாவின் சலூனில் சேர்ந்தவன் நான். புதன் காலை கதவைத் திறந்தால், திங்களன்று என்னிடம் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்ட கோவிந்தசாமி நிற்கிறார். குரலை வைத்துத்தான் ஆளே தெரிந்தது. நெற்றி வீங்கி, இமை ரெண்டும் ஒட்டி, காதோரம் நீர் வடிகிறது. நாற்பது வயதில் அமைந்த சம்பந்தம். பத்து மணிக்குச் சிதம்பரத்தில் பெண் பார்க்க வேண்டும்.

"பொண்ணு என்னைப் பாக்கறது இருக்கட்டும்டா, நான் எப்பிடிடா பொண்ணைப் பாக்கறது?"

காகிதம் படித்த குற்றம்

சாயப் பொட்டலத்துக்குள் ஒரு காகிதம் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வை, ஒரு நாள் பொறு, அரித்தால் போடாதே. யாரும் படிப்பதில்லை. நான் படித்துத் தொலைத்தேன். அதுவரை மருதாணியே போட்டுவந்த பாய் ஒருவர் கறுப்பு கேட்டு வந்தார். பொட்டு வைத்து அனுப்பினேன். மறுநாள் கொப்புளத்தோடு வந்தார். தலை தப்பியதே என்று சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன்.

"ஒரு பொட்டுக்கே புண்ணாக்குறவன் தலைய என்னா பண்ணுவே? ஒங்க கடை சகவாசமே வாணாம்!"

செவ்வாய்க்கிழமை

அப்படியும் எனக்குப் புத்தி வரவில்லை. திங்கள் சாயங்காலம் கோவிந்தசாமியிடமும் பொட்டு வைத்துப் பார்க்கலாம் என்றேன். மறுநாள் செவ்வாய், எந்தச் சலூனும் திறக்காது. அதற்கு மறுநாள் பெண் பார்க்கிற நாள். பொட்டைப் பார்த்துவிட்டு அடிக்க நாளே இல்லை. போன பொங்கலுக்கு அடித்தபோது கொஞ்சம் அரித்தது, எண்ணெய் தடவிக்கொண்டேன் என்றார். அப்படியென்றால் வேண்டவே வேண்டாம் என்றேன். மாமா முறைத்தார்.

"நரையோட போய் நின்னா பொண்ணோட அப்பனுக்கு தோஸ்த் மாதிரி இருப்பேன். அடிடா!"

எறா

அடித்தது என் கைதான். அதனால் புதன் காலை வீங்கி வந்து நின்றவரை உட்கார வைத்துத் தலையை அலசிவிட்டேன். மாமா என்னைப் பின்பக்கம் இழுத்துப் போனார். "எறா தின்னதுல வந்துதுன்னு சொல்லு. சாயம்னு சொன்னே, ஒருத்தன் உள்ள வரமாட்டான்."

திரும்பி வந்தால் கோவிந்தசாமியே ஆரம்பிக்கிறார்: "நேத்து எறா தொக்கு சாப்புட்டேன்டா, அதுவா இருக்குமா? வீக்கம் வத்தட்டும், அடுத்த வாரம் இன்னொரு தரம் அடிச்சிக்கிட்டு பொண்ணு பாக்கப் போறேன்."

ஆமாம் என்றால் முடிந்தது. பொங்கலுக்கு அரிப்பு, இப்போது வீக்கம், இன்னொரு தரம் அடித்தால்?

"சாயந்தாண்ணே. இனிமே தொடாதீங்க, கண்ணு போயிடும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பொண்ணை நரையோடயே பாருங்க."

ஒட்டிய இமையோடு என் பக்கம் திரும்பினார்.

"இதைத் திங்கக்கிழமையே கத்தித் தொலைச்சிருக்கக் கூடாதாடா நீ?"

மாமா சொல்லச் சொன்னது ஒரே ஒரு பொய், அதைச் சொல்லாமல் விட்டுத்தான் இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.