துரும்பு சாகாத கப்பல்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்குக் கடையில் ஒரு பெயர், கம்ப்யூட்டரில் ஒரு பெயர். கடையில் வெறும் அக்கா. கம்ப்யூட்டரில் ‘பம்ப்பு அக்கா’. இந்த இரண்டாவது பெயர் எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

பழைய போர்க்கப்பல் விளையாட்டு ஒன்று. அதைச் செய்து விற்ற கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். மூடுகிற அன்று போகிற போக்கில், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அதைக் கட்டிக்கொண்டு அழுவதற்கென்றே நாலு திசையிலும் ஆட்கள் கிளம்பினார்கள். சம்பளம் கிடையாது. நன்றி கிடைத்தால் அதிசயம், வசவு மட்டும் தினமும் வரும். அந்தக் கூட்டத்தில் இவளும் ஒருத்தி. கப்பலில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு தண்ணீர் உள்ளே வரும், பம்ப் அதில் எவ்வளவை வெளியே தள்ளும் என்கிற கணக்கு முழுக்க இவள் எழுதியது.

அதைச் சரிபார்த்துக் கொடுத்தவன் அவள் தம்பி. நிஜமான சரக்குக் கப்பலில் எஞ்சினியர். சின்ன வயதில் இருவரும் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆடிய விளையாட்டு அது. “மத்ததெல்லாம் சும்மாக்கா, உன் பம்ப்பு மட்டும்தான் நிஜம்” என்பான். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்திருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். உழைக்கிற ஒவ்வொருவரும் கப்பலில் உள்ள ஒரு மாலுமிக்குப் பெயர் வைக்கலாம். ஒருத்தர் தன் நாயின் பெயரை வைத்தார், இன்னொருத்தர் மாமனார் பெயரை வைத்துப் பழிதீர்த்துக்கொண்டார். இவள் எஞ்சின் அறை ஆளுக்குத் ‘துரும்பு’ என்று வைத்தாள். ஒல்லிப்பிச்சான் தம்பியை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். குண்டு விழுந்தால் முதலில் போகிறவன் எஞ்சின் அறைக்காரன் என்பது அப்போது அவள் புத்தியில் படவில்லை. “இன்னைக்கும் துரும்பு காலி” என்று ஆடுகிறவர்கள் எழுதிச் சிரித்தார்கள். தம்பியும் சேர்ந்து சிரித்தான். இவளால் முடியவில்லை.

தம்பியின் கப்பல் புயல் மாதத்தில் கிளம்பப்போகிறது என்று தெரிந்த அன்று மாலை அவள் விளையாட்டைத் திறந்தாள். துரும்பு செத்தான். மறுபடி ஆடினாள். மறுபடியும் செத்தான். கம்ப்யூட்டரில் எவனோ சாவதற்கும் இவன் கடலுக்குப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பயந்தாள்.

ஒரே ஒரு வரி எழுதினாள். மாலுமியின் பெயர் துரும்பு என்றால் அவனுக்கு அடி படாது.

அங்கே ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் தலையாட்டினால்தான் விளையாட்டில் சேரும். இவள் எழுதுவதைப் படிக்கிறவர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்திலும் அதுதான் அவர் வேலை. எங்காவது ஒரு புள்ளி தவறினால்கூட அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அவள் அந்த வரியை அலைகளை வரைகிற பெரிய திருத்தம் ஒன்றின் நடுவே செருகி அனுப்பினாள். “நீங்க எழுதினதுல நான் என்னம்மா புதுசா பார்க்கப் போறேன்” என்று அவரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டார். புது வெர்ஷன் வெளியே போனது. தம்பியும் கடலுக்குப் போனான்.

வினை அங்கேதான் பிடித்தது. அவளுடைய கணக்குப்படி எஞ்சின் அறையில் ஒருவன் உயிரோடு இருக்கிறவரை பம்ப் ஓடும். துரும்பு சாகவில்லை, அதனால் பம்ப்பும் நிற்கவில்லை. சல்லடையாகிப்போன கப்பல்கூட ஜம்மென்று மிதந்தது. புகார் மேல் புகார். வாத்தியார் தேடிக் கண்டுபிடித்துப் போன் செய்தார்.

“அந்த வரி உங்க பேர்ல இருக்கேம்மா. ஏன் இப்படி?”

அவள் மறைக்கவில்லை. “தம்பிகிட்டேருந்து போன வாரம் முழுக்க சத்தமே இல்ல சார். அவன் போற பக்கம் புயல்னு சொல்றாங்க. இப்பப் போய் அதை எடுக்க எனக்குக் கை வரல.”

“சரி, தம்பி பேசட்டும். அதுவரைக்கும் தேடிக்கிட்டே இருக்கேன்னு மத்தவங்ககிட்ட சொல்லிக்கறேன்” என்றார் வாத்தியார். பொய்யே பேசாத மனுஷன் அவர்.

மறுநாள் கடையில் லென்ஸை மெஷினில் வைத்திருந்தபோது போன் சிணுங்கியது. தம்பி எப்போதோ அனுப்பி, நடுக்கடலில் சிக்கிக்கிடந்து, இப்போது வந்து விழுந்த செய்தி.

“அக்கா, கிளம்பும்போதே புது வெர்ஷனை இறக்கிட்டேன். நானும் எஞ்சினுக்கு எண்ணெய் போடற ஆயில்மேன் அண்ணனும் தினமும் ஆடறோம். எஞ்சின் ரூம்ல ஒரு ஆள் நின்னா போதும், கப்பல் முழுகவே மாட்டேங்குது. எங்க அக்கா கணக்கு அத்தனையும் நிஜம்னு அவர்கிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கேன்.”

மெஷினில் லென்ஸ் தேய்ந்து தேய்ந்து விரிசல் விட்டது. அவள் பார்க்கவில்லை. தம்பிக்கு எழுதினாள்: “அது பொய்டா. நான்தான் பொய்யா எழுதிட்டேன். தண்ணி வந்தா நிக்காதே, மேல ஓடிடு. அவர்கிட்டயும் சொல்லிடு.” போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை எடுத்து வாத்தியாருக்கு அனுப்பினாள்.

“தம்பி பேசினானாம்மா?”

“இல்ல சார். நீங்க ஒத்துக்கோங்க.”

அவர் ஒத்துக்கொண்டார். எடுத்தது சரிதானா என்று அவள் ஆடிப் பார்த்தே ஆகவேண்டும். ஆடினாள். இரண்டாவது குண்டில் துரும்பு செத்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, “தலைவலியாடி?” என்று கேட்டாள். ஆமாம் என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

“அக்கா, நான்தான். பயப்படாதே, கரைக்கு வந்துட்டேன். கப்பல்தான் போயிடுச்சு.”

அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். “என் மெசேஜைப் பார்த்தியாடா?”

“எந்த மெசேஜ்? போன் கடலோட போச்சு. எஞ்சின் ரூம்ல தண்ணி ஏறுச்சுக்கா. மேல வாங்கன்னு சத்தம் வந்ததும் நான் முதல் ஆளா ஓடிட்டேன். நிஜத் தண்ணியைப் பார்த்தா கேமாவது ஒண்ணாவது.”

அவள் உடம்பெல்லாம் லேசானது. அப்புறம்தான் கேட்டாள். “அந்த ஆயில்மேன் அண்ணன்?”

தம்பி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“கூப்பிட்டேன்க்கா. கையைப் பிடிச்சுக்கூட இழுத்தேன். ‘பம்ப் ஓடுதுல்ல, ஒரு ஆள் நின்னா போதும், நீ போ’ன்னு சொல்லிட்டார்.”

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். “துரும்புதானே அது? நல்லா இருக்கானா?”

“நல்லா இருக்கான்மா” என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்தாள்.