கப்பல் சுருளுக்கு ஒரு தட்டு

கடலே இல்லாத கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு கப்பலுக்கு மோட்டார் செய்கிறேன் என்றால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். நான் வேலை பார்ப்பது கிணற்று மோட்டார் செய்யும் கம்பெனியில். முதலாளி அவினாசிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெரியவர். மாதிரிக்கு ஒரு மோட்டார்ச் சுருள் வேண்டும் என்று கப்பல் கட்டுகிறவர்கள் கேட்டிருந்தார்கள். அது தேறாவிட்டால் என் பிரிவையே மூடிவிடுவது என்று கம்பெனியில் பங்கு வைத்திருந்த அவருடைய பங்காளிகள் முடிவு செய்திருந்தார்கள்.

செம்புக் கம்பிக்குப் பதில் இதில் மீக்கடத்தி நாடா. திரவ நைட்ரஜனில் அமிழ்த்திக் கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும்; சின்ன மோட்டாரே பெரிய கப்பலைத் தள்ளிவிடும். ஆனால் நாடாவுக்குள் இருப்பது அப்பளம் மாதிரி நொறுங்குகிற ஒரு மெல்லிய பூச்சு. பார்த்துப் பார்த்துச் சுற்றி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. தூக்கம் எப்போதோ போய்விட்டது.

நைட்ரஜன் வாங்கப் பெருந்துறை போய்த் திரும்பினால், சுருளில் சந்தனப் பொட்டு. எல்லார் கையிலும் லட்டு. மேசைமேல் கொட்டாப்புளி. எந்தப் புது மோட்டாருக்கும் முதல் சுருளை அந்த மரச் சுத்தியலால் கடைசியாக ஒரு தட்டுத் தட்டி உட்கார வைப்பது முதலாளிதான். செம்புக்கு அது நல்லது.

"நீ வாரதுக்குள்ள நானே தட்டிப்போட்டேன் அம்மணி. நல்ல நேரம் போயிருமில்ல" என்றார்.

யாராவது வேண்டாம் என்றிருக்கலாம். எங்கே சொல்வார்கள்? அவர் எது சொன்னாலும் அங்கே எல்லார் வாயிலும் 'ஆகட்டுங்க'தான்.

சுருளை நைட்ரஜனில் இறக்கினோம். நைட்ரஜன் புகைந்து கொதித்து அடங்கியதும் மின்சாரம் விட்டேன். தடை இல்லையென்றால் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டிய மீட்டர் ஏறிக்கொண்டே போனது.

"என்ன கண்ணு, ஏறுது?"

பூசி மெழுக எனக்குத் தெம்பு இல்லை.

"தட்டுனதுல உள்ள இருக்கற பூச்சு வெடிச்சுப்போச்சுங்க."

"நான் தட்டுனதுலயா?"

"ஆமாங்க."

கையிலிருந்த லட்டை மேசைமேல் வைத்தார். "மறுபடி நாடாவுக்குச் சொல்லிப்போடு. பங்காளிககிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் பிரிவை மூடிவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேனே என்றுதான் தோன்றியது. அவர் கொட்டாப்புளியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும் கண்ணு. நானே வந்து கேட்டாலும் குடுத்துப்போடாதே."

"குடுக்க மாட்டேனுங்க" என்றேன்.