பப்பாசித் தோட்டத்தில் ஒரு கிழமை

சித்தாண்டியில் தோட்டம் செய்த அந்த அக்கா ஒரு பப்பாசிக் காயை என் கையில் வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. பச்சைத் தோலெங்கும் ஈரக் குவளை வைத்தெடுத்த தடம்போலச் சின்னச் சின்ன வளையங்கள். நிமிர்ந்து மரங்களைப் பார்த்தேன். குருத்திலைகள் மஞ்சளாகி, நூல்போல ஒடுங்கியிருந்தன. பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தோட்டம் தோட்டமாகப் போய் ஆலோசனை சொல்லும் விவசாயப் போதனாசிரியையாக நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது.

“என்ன மருந்து அடிக்கிற மிஸ்?” என்று கேட்டார்.

மருந்து கிடையாது. அது வைரசு. வெளியே கிடந்தால் வெறும் துகள். தின்னாது, வளராது, மூச்சுவிடாது. மரத்தின் உடலை ஆக்கும் நுண்ணிய உயிர்க்கலமொன்றுக்குள் புகுந்துவிட்டாலோ, அந்தக் கலத்தைக் கொண்டே தன்னைப்போல ஆயிரக்கணக்கில் செய்துகொள்ளும். சாறு உறிஞ்ச வரும் சிறு பூச்சி அதை வாயில் கொண்டுபோய் அடுத்த மரத்தில் குத்தும். பூச்சிமருந்து பூச்சியைக் கொல்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். நோய்கண்ட மரங்களை உடனே பிடுங்கிப் புதைக்க வேண்டும், வேறு வழியில்லை.

இவ்வளவும் தெரிந்தும், கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு அந்தத் தோட்டத்தையே நம்பியிருந்தவரிடம் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. “ஒரு கிழமை பொறுங்கக்கா, பாப்பம்” என்றேன்.

“இந்தப் பழத்தத் தின்னா பிள்ளைகளுக்கு ஏதும் செய்யுமா?”

“செய்யாதக்கா. இது மனுசருக்குள்ள பெருகாது.”

அன்று நான் முழுதாகச் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

ஏழு நாள் கழித்து, அடுத்த கிழமை போனபோது இன்னும் ஒரு வரிசை மஞ்சளாகியிருந்தது. அப்போதுதான் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. “அண்டைக்கே சொல்லியிருக்கலாமே புள்ள” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோடாலியை எடுத்தார். காயும் பிஞ்சுமாக நின்ற மரங்களை இருவருமாகச் சாய்த்தோம். வெட்டிய இடமெல்லாம் பால் வடிந்தது.

மாதம் முடிவதற்குள் வேலிக்கு அப்பால் இருந்த அவருடைய தம்பியின் மரங்களிலும் குருத்து மஞ்சளாகிவிட்டது. நோயை மறைத்து வைத்திருந்து தன் தோட்டத்தையும் அக்கா அழித்துவிட்டார் என்று தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டார். பொறுக்கச் சொன்னது நான்தான் என்று அக்கா ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன்பிறகு எத்தனையோ தோட்டங்கள். வெண்டி, மிளகாய், மறுபடியும் பப்பாசி. இப்போதெல்லாம் முதல்நாளே “மருந்தில்லை” என்று சொல்லிவிடுகிறேன். கேட்பவர்களின் முகம் வாடுவதைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனேன். ஆனாலும் அந்த வேலியைக் கடக்கும்போது மட்டும் ஸ்கூட்டரை வேகமாக விட்டுவிடுவேன்.

போன மாதம் அங்கே நிறுத்தினேன். தம்பி கச்சான் செடிகளைப் பிடுங்கிக் கடலையை உதறிக்கொண்டிருந்தார். அந்த ஒரு கிழமையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க இஞ்ச வந்தது அக்காக்குத் தெரியுமா மிஸ்?”

“தெரியாது.”

“சொல்லாதீங்க” என்று கையிலிருந்த மண்ணைத் தட்டினார். “நானே போறன்.”