சின்னாத்தாளின் கரண்டி

மலைமேல் பேரியாத்து அணை கட்டிய காலம். அனுமந்தன்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் மாதா கோயில் கட்டினாக. நானும் என் ஆத்தாளும் அங்கே சுண்ணாம்பு சுமந்தோம். எங்களோடு சுமந்த சின்னாத்தாளின் புருசன் கொத்தனார். இருமல் முற்றி அவர் உட்கார்ந்துவிட, அவருக்குப் பதிலாகச் சுவர் பூசியது சின்னாத்தாதான்.

அவர் செத்ததும், வழக்கப்படி கூடவே புதைக்க அவருடைய பூச்சுக் கரண்டியை எடுத்தார் அவள் கொழுந்தன்; அவரும் கொத்தனார்தான்.

"அத எனக்கு விட்டுருங்க தம்பி. புள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்தணும்," என்று சின்னாத்தா அழுதாள்.

"பொம்பள சாரம் ஏறுனா சுவரு நிக்குமா?" என்று கொண்டுபோய்விட்டார்.

சுமக்கிற பெண்களெல்லாம் சேர்ந்து, கொல்லரிடம் புதுக் கரண்டி அடித்து வாங்கி அவளுக்குக் கொடுத்தோம். அவள் சாரம் ஏறியதும் கொத்தனார்கள் மொத்தமும் இறங்கிவிட்டாக.

"அவ பூசுன சுவரு அங்கன நிக்கிது. முதல்ல அத இடிச்சுட்டு வாங்க," என்று என் ஆத்தா சுண்ணாம்புக் கூடையைக் கவிழ்த்தாள். நாங்களும் கவிழ்த்தோம்.

வேலை நின்றுபோனது. எங்கள் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ஒரு காலையில் சின்னாத்தா என் ஆத்தாளைத் தேடி வந்தாள்.

"எனக்காக ஒன் புள்ளையும் பட்டினி கெடக்கணுமாக்கா?"

மிச்சச் சுவரைக் கொழுந்தன் பூசினார். அவருக்குச் சுண்ணாம்பு சுமந்தது சின்னாத்தாதான்.