குழந்தைவேலு குதிரையை எடுத்தது

குழந்தைவேலுவை நான் முதலில் பார்த்தது குடை விற்கும்போதுதான். என் பெயர் இப்ராஹிம். ஊர் காயல்பட்டினம், ரங்கூனில் பபேடான் பகுதி, மொகல் தெருவில் குடைக்கடை. இங்கே மழை ஐந்து மாதம் விடாமல் கொட்டும். ஊரே மழையைத் திட்டும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பேன், என் பிழைப்பே அதில்தான்.

வந்தவன் குடையை விரித்தான், மடக்கினான், கம்பி கம்பியாகத் தடவினான், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"என்னப்பா, பொண்ணா பாக்குறே?" என்றேன்.

"பழக்கம் பாய். தப்பா நினைக்காதீங்க," என்றான்.

ரங்கூனிலேயே அலோன் பகுதியில் ஆற்றங்கரை அரிசி மில் ஒன்றின் கேட்டில் அவனுக்கு வேலை. சாயங்காலம் வெளியே போகிற கூலிகளின் மடியையும் முண்டாசையும் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலின் மேல்தட்டில் வந்து இறங்கியவன். மூன்று வருஷம் மூட்டை சுமந்ததில் ஒரு தோள் இறங்கிப்போயிற்று. ஒருநாள் மேஸ்திரியின் மைத்துனன் மடியில் அரை வீசை அரிசி இருந்ததை, மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போதே இவன் சொல்லிவிட்டான். எல்லாரும் இவன் ஒழிந்தான் என்று நினைத்தார்கள். மில் மானேஜரோ இவனையே கேட்டில் சோதனைக்கு நிறுத்தினார். அன்றிலிருந்து பதினோரு வருஷம். கூலிகளுக்கு அவனைக் கண்டால் ஆகாது. ஆனால் அவன் கை சுத்தம் என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

குடையைக் கட்டிக் கொடுக்கும்போது, என் மேஜைமேல் இருந்த சதுரங்கப் பலகையைப் பார்த்துவிட்டான். நான் அப்போது தனியாகவே இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தவன், "வெள்ளை செத்துச்சு பாய், இன்னும் மூணு நகர்வு," என்றான். எனக்குக் கோபம் வந்தது. உட்காரச் சொன்னேன். மூன்றே நகர்வில் வெள்ளை செத்தது.

அவன் ஆடப் பழகியது கூலி லைனில். சாக்கில் கரியால் கட்டம் போட்டு, உடைந்த செங்கல் துண்டுகளை வைத்து ஆடுவார்களாம். எந்தக் கல் ராஜா, எந்தக் கல் யானை என்று மனசிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பழகியவன் என் மரக்காய்களைப் பார்த்ததும் கண் கிடைத்த குருடன் மாதிரி ஆகிவிட்டான். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தான். பத்து ஆட்டத்தில் ஆறு அவனுக்கு, நான்கு எனக்கு. வெளியில் கேட்டால் ஆளுக்கு ஐந்து என்று சொல்வேன்.

நாங்கள் ஆடியது நம் நாட்டு ஆட்டம். துரைமார் ஆட்டத்துக்கும் இதற்கும் சில வித்தியாசம் உண்டு. அதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால், நம் ஆட்டத்தில் அந்தக் கட்டம் யாருடைய கட்டமோ அந்தக் காயாகத்தான் மாறும். யானைக் கட்டத்தில் ஏறினால் யானை, குதிரைக் கட்டத்தில் ஏறினால் குதிரை. துரைமார் ஆட்டத்தில் எந்தக் கட்டத்தில் ஏறினாலும் கேட்ட காயை எடுத்துக்கொள்ளலாம். யார்தான் ராணியை விடுவார்கள்?

1926-ல் எங்கள் தெருவிலேயே ஒரு மாடியில் சதுரங்க சபை ஒன்று ரங்கூன் நகரத்துக்கே போட்டி வைத்தது. துரைமார் சட்டம்தான். நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம். சட்டத்தை ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மூன்று மாதம் அதன்படியே ஆடிப் பழகினோம். சிப்பாய் கடைசி வரிசை ஏறுவது எங்கள் ஆட்டத்தில் அபூர்வம். போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் வேலுவின் சிப்பாய் ஒரே ஒரு முறை ஏறியது, அதுவும் ராஜா கட்டத்தில். ராஜா இரண்டு இருக்க முடியாதே, அங்கே நம் சட்டத்திலும் ராணிதான். அதனால் எங்கள் தலைக்குள் பழைய சட்டம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது எங்களுக்கே தெரியவில்லை.

தோற்கடிக்க வேண்டியவர்களையெல்லாம் தோற்கடித்து, இறுதி ஆட்டத்தில் நானும் அவனுமே எதிரெதிரே உட்கார்ந்தோம். ஜூலை மாத ஞாயிறு, வெளியே மழை. ஊ போ சின் என்ற பர்மிய வக்கீல் நடுவர். முப்பது நகர்வுக்கு மேல் போனபோது வேலுவின் சிப்பாய் குதிரைக் கட்டத்துக்கு ஒரு அடி முன்னால் வந்து நின்றது. என் யானை ஒரு நகர்வில் அதைத் தடுத்திருக்கலாம். நான் தடுக்கவில்லை. யானையை மறுபக்கம் கொண்டுபோய், அவன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை வெட்டினேன். வேலு சிப்பாயை ஏற்றினான். பக்கத்துத் தட்டில் வெட்டுப்பட்ட காய்கள் எல்லாம் கிடந்தன, ராணியும் கிடந்தது. அவன் கை நேரே குதிரைக்குப் போயிற்று. அதை வைத்தான். நான்கே நகர்வில் அவன் ராஜாவை மடக்கினேன்.

கை தட்டினார்கள். கோப்பையைக் கையில் கொடுக்கும்போது ஊ போ சின் இந்துஸ்தானியில் மெதுவாகக் கேட்டார்: "இப்ராஹிம், அவர் ராணியை எடுத்திருந்தால் நீங்கள் தோற்றிருப்பீர்கள். பார்த்தீர்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பார்க்கவில்லை. குதிரைக் கட்டத்தில் ஏறினால் குதிரை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்த நினைப்பில்தான் யானையை நகர்த்தியிருந்தேன். ஆனால் கையில் கோப்பை, சுற்றிலும் இருபது பேர். நகரத்துக்கே சாம்பியன் என்றவனுக்குச் சட்டம் தெரியாது என்றால் சிரிக்க மாட்டார்களா? நான் சிரித்தபடி, "பார்க்காமலா? எதிராளி பள்ளத்தில் விழும்போது கையா கொடுப்பார்கள்?" என்றேன்.

இந்த ஒரு வார்த்தைதான் வேலுவின் தலையில் கல்லைப் போட்டது. கேட்டவர்கள் போட்ட கணக்கு இது: ராணியை விட்டுக் குதிரையை எடுப்பது பைத்தியக்காரனும் செய்யாத வேலை. ஜெயித்தவனோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி அசையாமல் இருந்திருக்கிறான். அப்படியானால் இரண்டு பேரும் பேசி வைத்துத்தான் ஆடியிருக்கிறார்கள். குழந்தைவேலு ஆட்டத்தை விற்றுவிட்டான். திங்கட்கிழமைக்குள் பேச்சு அலோன் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினோரு வருஷம் அவன் தடவிப் பார்த்த மடிகளெல்லாம் சேர்ந்து பேசின. வேலியே பயிரை மேய்ந்தது என்றார்கள். புதன்கிழமை மானேஜர் அவனைக் கேட்டிலிருந்து எடுத்துத் தவிட்டுக் கொட்டகையில் கூட்டப் போட்டார். அந்தச் சபையில் ஒவ்வொரு வருஷமும் இறுதி ஆட்டத்தை நான்கு வாரம் கழித்து எல்லார் முன்னாலும் திருப்பி ஆடிக்காட்டி விசாரிக்கும் வழக்கம் உண்டு. அன்றைக்குச் சபை என்ன சொல்கிறதோ அதைப் பார்த்து முடிவு செய்வதாக மானேஜர் சொல்லிவிட்டார். பெயர் கெட்டால் வேலை போகும். வேலை போனால் மில் கொடுத்த அறையும் போகும். அவனும் மனைவி கனகாம்பாளும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நான் அலோன் போய் அவனைப் பார்த்தேன். தலை, புருவம், காது எல்லாம் தவிடு.

"மறந்துட்டேன்னு சொல்லிடு வேலு. உண்மைதானே?" என்றேன்.

"எப்படிச் சொல்றது பாய்? கேட்டுல மாட்டுறவன் எல்லாம் அதத்தான் சொல்றான். மடியில இருந்தது மறந்துபோச்சு, முண்டாசுல இருந்தது தெரியலங்கிறான். ஒருத்தன் சொன்னதையும் நான் நம்புனது கெடையாது. இப்ப நான் சொன்னா எவன் நம்புவான்?"

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க பெரிய ஆளு பாய். எனக்குத்தான் புத்தி போச்சு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் அந்த யானை நகர்வைத் தூண்டில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாம்பியன் கையால் குடை வாங்க வேண்டும் என்று மாந்தலேயிலிருந்து ஒருத்தர் வந்தார். மனுஷனுக்குப் புகழ் வந்தால் கண் தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

என் மனைவி மைமூனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. சின்ன வயதில் அண்ணன்மாரோடு ஆடியவள் அவள். விசாரணைக்கு முந்தின நாள் சோற்றை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ராணி வரும்னு தெரிஞ்சா அந்த யானைய நகர்த்தியிருப்பியளா?"

"அது ஒரு தைரியமான ஆட்டம்."

"நீங்க அவ்வளவு தைரியமான ஆளு இல்லையே. மழை வந்தா கடைக்கே ரெண்டு குடை எடுத்துட்டுப் போறவக."

நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் சபை மாடியில் உட்கார இடமில்லை. மில் மானேஜரும் வந்து கதவுப் பக்கம் நின்றார். வேலு வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் பட்டை போட்டு வந்திருந்தான். முகம் கேட்டில் நிற்பவன் முகமாக இல்லை, கேட்டில் மாட்டியவன் முகமாக இருந்தது.

ஆட்டத்தை எழுதி வைத்திருந்த தாளை ஊ போ சின் வாசிக்க வாசிக்க, நாங்கள் காய்களை நகர்த்தினோம். எல்லாரும் குதிரைக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் ஊ போ சின் அதற்கு ஒரு நகர்வு முன்னாலேயே கையைத் தூக்கி நிறுத்தினார். வக்கீல் புத்தி. என் யானையைக் காட்டினார்.

"குழந்தைவேலு பிறகு. முதலில் நீங்கள் சொல்லுங்கள். இந்தச் சிப்பாயை உங்கள் யானை தடுத்திருக்கலாம். ஏன் தடுக்கவில்லை?"

"தூண்டில்..." என்று ஆரம்பித்தேன்.

"அவர் ராணி எடுத்தால் அடுத்த நகர்விலேயே நீங்கள் காலி. எடுக்க மாட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பேசி வைத்தால் ஒழியத் தெரியாதே."

மானேஜர் கதவைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார். வேலு என்னைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தான். அவன் கைகள் மடியில் இருந்தன, நகக்கண்ணில் இன்னும் தவிடு. நான் வாயைத் திறந்தால் என் சாம்பியன் பட்டம் சிரிப்பாய்ச் சிரிக்கும். திறக்காவிட்டால் இவன் திருடன்.

"குதிரைதான் வரும்னு நினைச்சேன்," என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு எல்லாருக்கும் புரிய இந்துஸ்தானியில் சொன்னேன்: "எங்கள் நாட்டு ஆட்டத்தில் குதிரைக் கட்டத்தில் ஏறினால் குதிரைதான். ஓரத்தில் ஒரு குதிரை என்னை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டு யானையை நகர்த்தினேன். ராணி என் நினைப்பிலேயே இல்லை. அவனுக்கும் இல்லை. அன்று பார்த்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் நினைத்தபடியேதான் சிரித்தார்கள். ஊ போ சின் மட்டும் சிரிக்கவில்லை. மீதி நான்கு நகர்வையும் என்ன கணக்கில் ஆடினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். ஒவ்வொன்றும் எதிரே இருப்பது குதிரை என்று எண்ணி முன்கூட்டியே போட்ட கணக்கு. பர்மிய ஆட்டத்திலும் சிப்பாய்க்கு வேறு சட்டம் உண்டு என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவரே விளக்கினார்.

பிறகு மானேஜரைப் பார்த்து, "முப்பது வருஷமாகக் கோர்ட்டில் இருக்கிறேன். தன் மானத்தை விற்று இன்னொருவனுக்காகப் பொய் சொல்கிறவனைப் பார்த்ததில்லை. இது விற்ற ஆட்டம் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பழக்கம், ஒரே தப்பு," என்றார். மானேஜர் வேலுவிடம் நாளைக்குக் கேட்டுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். சபை ஆட்டத்தை மறுபடி ஆடலாம் என்றது. வேலு எழுந்து கும்பிட்டு, "எனக்குக் கப் வேணாங்க. கேட்டு வேலை போதும்," என்றான்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். படியில் அவன் பின்னாலேயே இறங்கி, "வா வேலு, மோஹிங்கா சாப்பிடலாம், நான் வாங்கித் தர்றேன்," என்றேன்.

அவன் கடைசிப் படியில் நின்றான். கோபமாகக்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இருபத்தஞ்சு நாளு தவிடு கூட்டினேன், பாய். நீங்க இங்கதான இருந்தீங்க."

அவன் கனகாம்பாளிடம் சொல்ல அலோனுக்கு நடந்தான். அடுத்த ஞாயிறு நான் பலகையை விரித்துக் காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் உட்கார்ந்திருந்தேன். அவன் வரவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட எனக்கு முகமில்லை.