நகத்தில் திரும்பும் சிவப்பு

சென்ற வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குப் போகும்போது, ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் மாடிக்கதவு பூட்டியிருந்தது. கீழே பூக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "ஜெசிந்தா அக்கா போயாச்சு, மோளே. வெளுப்பாங்காலத்துல." விடியும் நேரத்தில் மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாம். அன்று வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஆரியசாலையில், அந்தக் கூடத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் அவரிடம் விரல் நீட்டாதவர்கள் குறைவு. விழிஞ்ஞத்திலிருந்து பேருந்தில் கிழக்கேகோட்டை வந்து இறங்கி, அங்கிருந்து நடந்து வருவார். குடையைக் கதவில் மாட்டியதும் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்துவிடுவார். ரத்த அணுக்களை எண்ணும்போது யார் பேசினாலும் பதில் வராது. என் அத்தை அவரை "ஊசிக்காரி" என்றுதான் சொல்வாள்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அப்பாவின் சர்க்கரைச் சோதனை முடிவை வாங்கப் போனேன். அறிவியல் புத்தகத்தில் பார்த்த தட்டணுக்களைக் காட்டுவீர்களா என்று கேட்டேன். நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். எனக்கு ஊதா நிறத் தூசிதான் தெரிந்தது. "அதுதான் பிளேட்லெட். புத்தகத்துல பேரெழுதி அம்புக்குறி போட்டிருப்பான். இங்க அது ஒண்ணும் இருக்காது, கேட்டியா? நீதான் பாக்கணும்" என்றார்.

அந்த ஆண்டு மழையில், தட்டணுக்களைக் குறைக்கும் டெங்கு வந்தது. பரிசோதனைக்கூடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர்கள் பரீட்சை மார்க்கைக் கேட்பதுபோல "உங்களுக்கு கவுண்ட் எத்தனை?" என்று கேட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா படுத்துவிட்டாள். நான்காம் நாள் முடிவில் தட்டணுக்கள் மிகவும் குறைவு என்று இருந்தது. அப்பா கடையைத் திறக்கவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று முடிவானது.

ஆனால் மறுநாள் விடிந்தபோது அம்மாவின் உடம்பில் சூடே இல்லை. எங்கள் வீட்டில் பெருங்காய்ச்சல் விட்டதும் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரைத் தலைக்கு ஊற்றுவது வழக்கம். அத்தை அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். அப்பா நிம்மதியாகக் காப்பி குடித்தார். அப்போதுதான் ஜெசிந்தா அக்கா படியேறி வந்தார். யாரும் அவரை வரச்சொல்லவில்லை.

"நேத்து நான் தந்த கவுண்ட் தப்பா இருக்கும். ராவிலே திரும்ப அந்தக் கண்ணாடிச் சில்லைப் பாத்தேன். பிளேட்லெட் கூட்டங்கூட்டமா ஒட்டிக் கிடக்கு. ஒட்டினதை எண்ண முடியாது. நான் கவனிக்கல்ல. இன்னொரு துளி எடுக்கணும்" என்றார்.

தான் செய்த பிழையை அப்படி வாசலில் நின்று சொன்ன பெரியவர் ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அத்தைக்கு ஒரே சந்தோஷம். "அப்பம் குறையவே இல்லைன்னு சொல்லு. காச்சலும் விட்டாச்சுல்லா? இனி எதுக்கு ஊசி? நான் தலைக்கு ஊத்தப்போறேன்."

"ஊத்துங்க. விரலை மட்டும் தாங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்தவர், ஊசியைக் குத்தாமல் அப்படியே நின்றார். கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் சிவப்பு திரும்பாமல் வெளுத்தே இருந்தது. மறுபடி அழுத்தினார். வயிறு வலிக்கிறதா, காலையிலிருந்து சிறுநீர் போனதா என்று கேட்டார். வலிக்கிறது, போகவில்லை என்று அம்மா முனகினாள்.

"தண்ணியை இறக்கி வைங்க. ஆட்டோ விளிங்க."

"நீதானே கவுண்ட் தப்புன்னே?" என்றாள் அத்தை.

"கவுண்டை விடுங்க அக்கா. கை ஐஸு மாதிரி இருக்கு. காச்சல் விடுற நேரந்தான் இதுல மோசமான நேரம்."

ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். தாமதித்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று மருத்துவர் அப்பாவிடம் சொன்னார். மூன்றாம் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து, அண்டாவை யார் தேய்த்தார்கள் என்று கேட்டாள்.

பிறகு ஒருநாள் நான் நோட்டுப் புத்தகத்தோடு போய் விளக்கம் கேட்டேன். ரத்தக்குழாயில் காயம் பட்டால் தட்டணுக்கள் ஓடிப்போய் ஒன்றோடொன்று ஒட்டி அடைக்கும் என்று எனக்குத் தெரியும். காயமே படாத அம்மாவுக்கு அவை ஏன் குறைய வேண்டும்? "தீப்பிடிக்காத இடத்துக்கெல்லாம் தீயணைப்பு வண்டி பாய்ஞ்சு போனா, ஸ்டேஷன்ல வண்டி மிஞ்சுமா? வைரஸ் அப்படிக் கிளப்பி விடும். கூடவே ரத்தக்குழாய்லேருந்து தண்ணியும் கசியும். கவுண்டை மட்டும் பாத்துட்டிருந்தா கசியறது தெரியாது, மக்களே" என்றார். அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "எண்ணு. ஆனா எண்ணின பிறகு ஆளைப் பாரு" என்பது அந்தப் பக்கத்தின் கடைசி வரி.

வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் எல்லோரும் விழிஞ்ஞத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். அத்தைதான் முதலில் பேருந்தில் ஏறினாள். பெட்டிக்குள் அவர் கைகளில் ஜெபமாலை சுற்றியிருந்தது. அம்மா அவர் காலைத் தொட்டு அழுதாள். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எப்படி நடந்தது என்று தெரியவில்லை, கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்துவரை எண்ணினேன். பூக்கடைக்காரர் சொன்னதை அப்போதுதான் நம்பினேன்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பழக்கம். வீட்டில் யார் சோர்ந்து படுத்தாலும் அருகில் போய் உட்கார்ந்து நகத்தை அழுத்தி விடுவேன். இன்று காலை அம்மா தலைவலி என்று படுத்தாள். இரண்டு எண்ணுவதற்குள் நகம் சிவந்துவிட்டது.